நிருபராக இருந்த கென் ஃபாலட் எப்படிப் பெரிய நாவலாசிரியர் ஆனார்? அவரை எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

கார் ரிப்பேர் செய்யக் காசில்லாமல்தான் எழுத வந்தேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். லண்டன் 'ஈவினிங் நியூஸ்' பத்திரிகையில் நிருபராக இருந்த காலம். ரிப்பேருக்கு 200 பவுண்டு தேவை. கூட வேலை பார்த்தவர் ஒருவர் திரில்லர் எழுதி அதே 200 பவுண்டை முன்பணமாக வாங்கியிருந்தார். சரி, நாமும் எழுதிப் பார்ப்போம் என்று இறங்கிவிட்டார்.

1949-ல் வேல்ஸின் கார்டிஃப் நகரில் பிறந்தவர். பெற்றோர் கடும் கட்டுப்பாடுள்ள கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். வீட்டில் டிவி இல்லை, சினிமாவும் கூடாது. பொழுதுபோக்கு நூலகம்தான். லண்டனில் தத்துவம் படித்துவிட்டு, 1970-ல் கார்டிஃபுக்கே திரும்பி 'சவுத் வேல்ஸ் எக்கோ'வில் சேர்ந்தார். அப்புறம் மறுபடி லண்டன்.

எடுத்த எடுப்பிலேயே ஜெயிக்கவில்லை. புனைபெயர்களில் வரிசையாக எழுதிய நாவல்கள் பெரிதாக எடுபடவில்லை. 1978-ல் வந்த 'ஐ ஆஃப் தி நீடில்'தான் அவரை உலகத்துக்குக் காட்டியது. இரண்டாம் உலகப் போரில், நேச நாடுகளின் நார்மண்டி படையிறக்கத்துக்கு முன் ஜெர்மனியை ஏமாற்ற இங்கிலாந்து வைத்திருந்த போலிப் படையைக் கண்டுபிடித்துவிடும் ஜெர்மன் ஒற்றனின் கதை. மர்மக் கதைகளுக்கான எட்கர் விருதும் கிடைத்தது.

ஆனால் எனக்கு அவரிடம் பிடித்தது வேறு. நிருபராக இங்கிலாந்தின் பீட்டர்பரோ நகருக்குப் போனவர், திரும்பும் ரயிலுக்கு நேரமிருக்கிறதே என்று அங்கிருந்த பேராலயத்தைப் பார்க்கப் போனார். கிரேன் இல்லாத காலத்தில் இதை யார், எதற்காகக் கட்டினார்கள் என்ற கேள்வி விடவில்லை. 1976-ல் நாவலாக எழுத ஆரம்பித்துச் சில அத்தியாயங்களோடு நிறுத்திவிட்டார். திரில்லர்கள் நன்றாக விற்றுக்கொண்டிருந்தபோது திரும்ப அதையே கையில் எடுத்தார். 1989-ல் வந்த 'தி பில்லர்ஸ் ஆஃப் தி எர்த்' அதுதான். 12-ம் நூற்றாண்டில் ஒரு பேராலயம் எழும்பும் கதை, ஆயிரம் பக்கத்தை ஒட்டி வரும். ஸ்பெயினின் விட்டோரியா நகரில், பேராலயத்தின் அருகிலேயே இவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள்!

இவர் முதலில் நீளமான கதைச்சுருக்கம் எழுதி, அதைத் திரும்பத் திரும்பத் திருத்துவார். முடித்த பிரதியை வரலாற்று ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்வார். தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்கும் நிருபர் புத்தி இது. குறையும் உண்டு. வில்லன்கள் முழு வில்லன்கள், 12-ம் நூற்றாண்டு ஆள்கூட நேற்றைய ஆள் மாதிரியே பேசுவான்.

எதிலிருந்து தொடங்கலாம் என்றால், விறுவிறுப்பு வேண்டுமென்றால் 'ஐ ஆஃப் தி நீடில்'. வேல்ஸைப் பார்க்க ஆசை என்றால், மூன்று பாகத் தொடரின் முதல் நாவலான 'ஃபால் ஆஃப் ஜயன்ட்ஸ்'. 1911-ல், பதின்மூன்று வயதுப் பையன் பில்லி முதல் நாள் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்குவான். கும்மிருட்டில் தனியாக விட்டுவிடுவார்கள். பயத்தைப் போக்க ஜெபப்பாட்டுகளைப் பாடிக்கொண்டே வேலை செய்வான். அந்த அத்தியாயத்தை மட்டும் படித்துப் பாருங்கள். பிடித்திருந்தால் மூன்று தடித்த பாகங்களுக்கும் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.