தாத்தாவின் .315 ரைஃபிள்: சுட்ட கூட்டில் மறுபடி மருந்து நிரப்பலாமா?

கேள்வி: கடையம் பக்கம் எங்களுக்கு வாழைத் தோட்டம். தாத்தா வைத்திருந்த இஷாப்பூர் .315 ரைஃபிளின் உரிமம் இப்போது என் பெயரில் இருக்கிறது. அவர் சுட்டுச் சேர்த்த பித்தளைக் கூடுகள் அறுபது இருக்கின்றன. தோல் பெல்ட்டில் சுடாத தோட்டா பதினொன்று, அதில் பச்சை பிடித்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் இருக்கும் மச்சான் அங்கே வீட்டிலேயே தோட்டா நிரப்புகிறார். "கூடுதான் விலை, அது உங்களிடம் இருக்கிறதே" என்கிறார். நிரப்பலாமா? பன்றிக்கு எந்தக் குண்டு சரிவரும்?

பதில்: நிரப்பக் கூடாது. உங்கள் கையில் இருக்கும் உரிமம் ரைஃபிளை வைத்துக்கொள்ளவும், அதில் எழுதியுள்ள எண்ணிக்கைக்குள் தோட்டா வாங்கவும்தான். 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி தயாரிப்பதற்குத் தனி உரிமம் வேண்டும். தோட்டாவின் உதிரிப் பாகங்களையும் அதைச் செய்யும் கருவியையும்கூட அந்தச் சட்டம் தோட்டாக் கணக்கிலேயே சேர்க்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை 7 ஆண்டில் தொடங்கி ஆயுள் வரை போகும். மச்சான் ஊருக்கு வரும்போது பெட்டியில் நாலு கேப்பு (கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) போட்டுக் கொண்டுவரச் சொல்லவும் கூடாது. இறக்குமதிக்கும் உரிமம் உண்டு.

பன்றிக்கும் அதே பதில்தான். பயிர்ப் பாதுகாப்புக்கென்று வாங்கிய துப்பாக்கியானாலும், 1972 வனவிலங்குச் சட்டப்படி நீங்களாகப் பன்றியைச் சுட முடியாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த ஏற்பாட்டில், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுட அனுமதி. அதையும் செய்வது பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள். கடையத்தில் பல தோட்டங்கள் மலையடிவாரத்தை ஒட்டியே இருப்பதால் உங்கள் இடம் அந்தக் கணக்கில் வருமா என்பதே சந்தேகம். வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுங்கள். அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி) பக்கம் போகவே போகாதீர்கள். அதைப் பன்றி மட்டும் கடிப்பதில்லை. பசுவும் கடிக்கும், யானையும் கடிக்கும்.

சட்டம் இல்லாவிட்டால் செய்துவிடலாமோ என்ற எண்ணம் மிச்சமிருக்கும். ஒரு கூட்டை எடுத்து உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். கேப்பு இரண்டு வகை. அடியில் நட்டநடுவே ஒரே துளை இருந்தால் அது பாக்சர் வகை. ஓரமாக இரண்டு சின்னத் துளை தெரிந்தால் பெர்டன் வகை. நம் ஊர்ப் பழைய கூடுகளில் பெரும்பாலும் இரண்டுதான் தெரியும். மச்சானுடைய கருவி நடுவில் ஊசி இறக்கிப் பழைய கேப்பைத் தள்ளுவது. பெர்டன் கூட்டில் நடுவே துளை கிடையாது, மேடுதான் இருக்கும். இறக்கினால் ஊசி ஒடியும். (பெர்டன் அமெரிக்கக்காரர், பாக்சர் ஆங்கிலேயர். ஆனால் அமெரிக்கா முழுக்கப் புழங்குவது பாக்சர் கேப்பு.)

அடுத்தது கூட்டின் ஆயுசு. இஷாப்பூர் .315 லீ என்ஃபீல்டு அமைப்பில் செய்தது. போல்ட்டை (கூட்டின் அடியை அடைத்து நிற்கும் இரும்புத் தண்டு) பூட்டும் காதுகள் பின்னால் இருப்பதால், ஒவ்வொரு வெடிக்கும் கூடு கொஞ்சம் நீண்டுகொடுக்கும். நீளும் இடம் அடிப்பாகத்துக்குச் சற்று மேலே. அங்கே சுவர் மெலிந்து, வெளியே பளபளவென்று ஒரு வளையம் தெரியும். முனை வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டு இழுத்தால் அந்த இடத்தில் பள்ளம் தட்டுப்படும். அப்படிப்பட்ட கூட்டை நிரப்பிச் சுட்டால் அடி தனியே கழன்று, சூடான வாயு போல்ட் வழியாக முகத்துக்கு வரும். பழைய கேப்புகளில் பாதரசம் இருந்திருந்தால் பித்தளை ஏற்கெனவே நொறுங்கும் பதத்தில் இருக்கும். அது கண்ணுக்குத் தெரியாது.

மருந்தின் அளவை கிரெய்ன் கணக்கில் நிறுப்பார்கள். ஒரு கிரெய்ன் 0.0648 கிராம், ஏறக்குறைய ஒரு குன்றிமணியில் பாதி. ஆஸ்திரேலியாவில் நிரப்புகிறவர்கள் அச்சிட்ட அட்டவணையில் உள்ள உச்ச அளவைவிடப் பத்து சதவீதம் குறைவாகத் தொடங்கி, அரை அரை கிரெய்னாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் கூட்டைப் பார்ப்பார்கள். கேப்பு தட்டையாகிவிட்டதா, போல்ட் தூக்க மறுக்கிறதா என்று பார்த்து, அழுத்தம் மீறிய அடையாளம் தெரிந்ததும் நிறுத்துவார்கள். மெல்போர்னில் குளிர்காலத்தில் பார்த்த அளவு நம் ஊர்க் கத்திரி வெயிலில் ஜீப்புக்குள் கிடந்த தோட்டாவுக்குப் பொருந்தாது. மருந்து சூடேறினால் அழுத்தமும் ஏறும். மருந்தே விழாமல் போனாலும் ஆபத்துதான். கேப்பின் வேகத்தில் குண்டு குழலுக்குள் பாதி ஓடி நிற்கும், அடுத்த குண்டு அதில் மோதிக் குழல் பிளக்கும். "சிவகாசிப் பக்கத்தில் பவுடர் கிடைக்குமே" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பட்டாசு மருந்து ஒரேயடியாக வெடிப்பது. ரைஃபிள் மருந்து குண்டு நகர நகர எரிந்து தள்ளுவது. முன்னதை இதில் போட்டால் அது வெடிகுண்டு.

குண்டு பற்றிக் கேட்டதற்கு, தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான். முழுக்கச் செம்புறை போட்ட குண்டு விரியாது. உடலைத் துளைத்துக்கொண்டு வெளியேறி, பின்னால் இருக்கும் ஆளையோ மாட்டையோ தேடிப்போகும். அது அட்டையில் சுடுவதற்கு. சாஃப்ட் நோஸில் நுனி ஈயம் வெளியே தெரியும். பட்டதும் காளான்போல் விரிந்து உள்ளேயே சக்தியை இறக்கும். அதன் குறை, கெட்டியான எலும்பில் பட்டால் சிதறி எடையை இழப்பது. அதற்காகத்தான் 1940களின் கடைசியில் ஜான் நோஸ்லர் நடுவே தடுப்பு வைத்த பார்ட்டிஷன் குண்டைக் கொண்டுவந்தார். முன்பாதி விரியும், பின்பாதி முழுசாக ஊடுருவும். பிறகு வந்த முழுச் செம்புக் குண்டு எடையை இழப்பதே அரிது. உங்கள் .315க்கு இந்த ஆராய்ச்சி தேவையில்லை. அதன் குண்டு 244 கிரெய்ன், அதாவது 15.8 கிராம். கனமும் நீளமும் மெதுவான ஓட்டமும் சேர்ந்ததால் சாதாரண சாஃப்ட் நோஸே சிதறாமல் ஆழம் போகும். கடையில் அதைக் கேளுங்கள். ஒரே தொகுதி எண் உள்ள பெட்டிகளாக வாங்குங்கள், தொகுதி மாறினால் குண்டு விழும் இடமும் மாறும். .303 தோட்டா இதில் ஆகாது. ராணுவத் தோட்டா வெளியாள் துப்பாக்கியில் நுழையக் கூடாது என்றுதான் பிரிட்டிஷ் காலத்தில் இந்த .315 அளவே வந்தது.

இனி அந்தப் பச்சை. பதனிட்ட தோலில் உள்ள அமிலம் பித்தளையில் களிம்பு ஏற்றும். பெல்ட் தோட்டாவை எடுத்துப் போக மட்டும்தான், அதிலேயே வைத்திருக்க அல்ல. தோட்டாவைத் தகரப் பெட்டியில், சிலிக்கா பையோடு, பூட்டி வையுங்கள். தொழுவத்துப் பக்கமோ யூரியா மூட்டை இருக்கும் அறையிலோ வேண்டாம். பிரிட்டிஷ் படையின் தோட்டாக் கூடுகள் இந்தியாவில் மழைக்காலம் வந்தால் தானாக விரிசல் விட்டன. குதிரை லாயத்து மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியா காரணம் என்பது 1921இல்தான் துலங்கியது. சாரல் காலத்தில் உங்கள் பக்கம் காற்றே ஈரம்.

பழைய தோட்டா எதைச் சுட்டிருந்தாலும் கேப்பு மருந்து எரிந்ததில் குழலில் உப்பு படிந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் உப்பைக் கரைக்காது. குழலைக் கழற்றத் தேவையில்லை. போல்ட்டை எடுத்துவிட்டு, ஒரு சின்னப் புனலால் கொதித்த தண்ணீர் அரை லிட்டர் பின்பக்கமிருந்து ஊற்றி, மரக்கட்டைக்குள் போகாமல் முன்னால் வடிய விடுங்கள். சூட்டிலேயே காய்ந்துவிடும். உலர்ந்த துணி மூன்று நான்கு ஓட்டி, பிறகு எண்ணெய். மூன்றாம் நாள் வெள்ளைத் துணி ஓட்டிப் பார்த்தால் துருவின் சிவப்பு ஏறக் கூடாது. ஏறினால் மறுபடியும் வெந்நீர்.

அந்தப் பதினொன்றையும் சுடாதீர்கள், சுரண்டிப் பளபளப்பாக்கவும் வேண்டாம். கிணற்றில் போடுவது, மண்ணில் புதைப்பது, பிரித்து மருந்தைக் கொட்டுவது எல்லாமே வம்பு. உரிமப் புத்தகத்தோடு, தோட்டாவைத் தனிப் பெட்டியில் வைத்து, உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ காவல் நிலையத்திலோ ஒப்படைத்து எண்ணிக்கை எழுதிய ரசீது வாங்குங்கள். சுட்ட கூடுகள் அறுபதும் தாத்தாவின் கணக்கில் வந்தவை என்பதால், அவற்றை என்ன செய்வதென்று உரிமம் புதுப்பிக்கும் அலுவலகத்தில் அதே நாளில் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.