முதலில் பாடம், பிறகுதான் கல்லூரி
ஆக்ஸ்ஃபோர்டு ஓப்பன் டே: வாசகர் கேள்வி – பதில்

மகள் இயர் 12 படிக்கிறாள். ‘யுனிவர்சிட்டி காலேஜ்’ ஓப்பன் டேக்கு, அதாவது சேர நினைப்பவர்கள் நேரில் சுற்றிப் பார்க்கும் நாளுக்கு, போகவேண்டும் என்கிறாள். அது லண்டனில்தானே இருக்கிறது? ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஏன் டிக்கெட் கேட்கிறாள்?
– வாசகி, ஹாரோ

டிக்கெட் எடுத்துக் கொடுங்கள், அவள் சொல்வது சரிதான். லண்டன் கோவர் ஸ்ட்ரீட்டில் இருப்பது யூசிஎல், அதாவது யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன்; 1826-இல் தொடங்கியது. மகள் சொல்வது ஆக்ஸ்ஃபோர்டு ஹை ஸ்ட்ரீட்டில் இருக்கும் கல்லூரி. தன் தொடக்கத்தை 1249 என்று கணக்கு வைத்திருக்கிறது. ஊரில் எல்லோரும் ‘யூனிவ்’ என்பார்கள். டர்ஹமிலும் இதே பெயரில் ஒன்று உண்டு, அது கோட்டைக்குள்ளேயே இருக்கிறது.

பெயர்க் குழப்பம் இதோடு தீராது. டிரினிட்டி, செயின்ட் ஜான்ஸ், கார்ப்பஸ் கிறிஸ்டி மூன்றும் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டு ஊரிலும் இருக்கின்றன. 1914-இல் ராமானுஜன் வந்து சேர்ந்த டிரினிட்டி கேம்பிரிட்ஜில் இருப்பது. அதைப் பார்க்க ஆசைப்பட்டு ஆக்ஸ்ஃபோர்டு ரயிலில் ஏறிவிடாதீர்கள். இன்னொன்று, எழுத்துக்கூட்டி ‘மக்டலென் காலேஜ் எங்கே’ என்று வழி கேட்டால் விழிப்பார்கள். ‘மாட்லின்’ என்று கேட்கவேண்டும்.

ஒரே ஆண்டில் இரண்டு ஊருக்கும் விண்ணப்பிக்க முடியாது. எந்த ஊர் என்று முடிவாகாத பிள்ளை இரண்டு ஓப்பன் டேக்கும் போவதில் தப்பில்லை.

மகன் கணிதம் எடுக்கப்போகிறான். ஒரே நாளில் எட்டுக் கல்லூரி பார்த்துவிடத் திட்டம். எந்த வரிசையில் போகலாம்?
– வாசகர், க்ராய்டன்

எட்டும் பார்க்கலாம். ராத்திரி வீடு திரும்பும்போது எந்தப் புல்வெளி எந்தக் கல்லூரி என்று மட்டும் சொல்ல முடியாது. மூன்று போதும்.

அதற்கும் முன்னால் போகவேண்டிய இடம் கணிதத் துறை. விரிவுரை, பாடத்திட்டம், தேர்வு, பட்டம் எல்லாம் பல்கலைக்கழகத்துடையவை. எந்தக் கல்லூரியில் இருந்தாலும் அவை ஒன்றே. தங்கும் அறை, சாப்பாடு, இரண்டு மூன்று பேராக ஆசிரியர் முன் உட்கார்ந்து கணக்குத் தாளை அலசும் டியூட்டோரியல், இவற்றைப் பெரும்பாலும் கல்லூரி ஏற்பாடு செய்கிறது. பாடமே பிள்ளைக்குச் சரிப்படவில்லை என்றால் கல்லூரிக் கட்டடம் எவ்வளவு அழகாக இருந்து என்ன?

கணிதத் துறை இருப்பது வுட்ஸ்டாக் ரோட்டில், ஆண்ட்ரூ வைல்ஸ் கட்டடத்தில். வாசலில் நின்று தரையைப் பாருங்கள். ரோஜர் பென்ரோஸ் வகுத்த இரண்டே வடிவக் கற்களால் பாவியிருப்பார்கள். எவ்வளவு தூரம் நீட்டினாலும் கோலம் அச்சாகத் திரும்பத் திரும்ப வராது. பையன் அதைக் கடந்து போய்விடுகிறானா, குனிந்து எண்ண ஆரம்பிக்கிறானா என்று கவனியுங்கள்.

துறையின் அறிமுக உரைக்குக் காலை நேரத்தையே பிடியுங்கள். முன்பதிவு தேவையா என்று துறையின் பக்கத்தில் பார்த்துக்கொண்டு, 20 நிமிடம் முன்னதாக வாசலில் நில்லுங்கள். அரங்கம் நிறைந்தால் கதவை மூடிவிடுவார்கள். அடுத்த முறைக்குக் காத்திருந்தால் மதியத் திட்டம் முழுக்கச் சரியும். பேடிங்டனிலிருந்து ரயில் சுமார் ஒரு மணி நேரம், ஸ்டேஷனிலிருந்து துறைக்கு நடை கால் மணி நேரத்துக்கு மேல். காரில் வந்தால் நகருக்குள் நுழையவே வேண்டாம். பார்க் அண்ட் ரைடில் விட்டுவிட்டு பஸ் பிடியுங்கள்.

உரை முடிந்ததும் பக்கத்திலேயே சாமர்வில். 1879-இல் பெண்களுக்காகத் தொடங்கி, 1994-இலிருந்து ஆண்களையும் சேர்க்கிறது. மதியத்துக்கு மேல் 20 நிமிடம் நடந்தால் யூனிவ், பழைய கற்கட்டடம். அங்கிருந்து மேனர் ரோட்டுக்குப் போனால் செயின்ட் கேத்தரின்ஸ். 1960-களின் கண்ணாடியும் கான்கிரீட்டும். வேறு மூன்றையும் எடுத்துக்கொள்ளலாம். ஒன்றுக்கொன்று வேறுபட்டவையாக எடுத்தால்தான் பையனுக்கு எது ஒத்துவரும் என்று தெரியும். அவன் எடுக்கும் பாடம் அந்தக் கல்லூரியில் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். எல்லாக் கல்லூரியிலும் எல்லாப் பாடமும் கிடையாது.

பலர் கோட்டைவிடுவது ஒன்று உண்டு. சுற்றிக்காட்டும் வரிசையில் நின்று அறை, நூலகம், சாப்பாட்டுக் கூடம் எல்லாம் பார்ப்பார்கள். அதே கல்லூரியில் பாட ஆசிரியரைச் சந்திக்கக் குறித்திருந்த அரை மணி நேரத்தைத் தவறவிடுவார்கள். அந்த நேரம் கல்லூரியின் நிகழ்ச்சி நிரலில்தான் இருக்கும், பல்கலைக்கழகத்தின் பொது அட்டவணையில் பெரும்பாலும் இருக்காது. மூன்று கல்லூரியின் நிரலையும் முதல் நாளே எடுத்து, இந்தச் சந்திப்புகளைச் சுற்றி மற்றதை அமையுங்கள்.

அங்கே ‘எத்தனை மார்க் வேண்டும்’ என்று கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். இணையத்திலேயே இருக்கிறது: ஏ லெவல் என்னும் பள்ளி இறுதித் தேர்வில் ஏ ஸ்டார், ஏ ஸ்டார், ஏ, கணிதம் இரண்டிலும், அதாவது மேத்ஸிலும் ஃபர்தர் மேத்ஸிலும், ஏ ஸ்டார். வாரத்துக்கு எத்தனை கணக்குத் தாள், ஒரு தாளுக்கு எத்தனை மணி நேரம், இந்தக் கல்லூரியில் ஓர் ஆண்டுக்குக் கணிதம் எத்தனை பேர் என்று கேட்கட்டும். ஆசிரியரிடம் கேட்டதையே சுற்றிக்காட்டும் மாணவரிடமும் கேட்கட்டும். இரண்டு பதிலும் அச்சு அசலாக ஒத்துப்போவது அபூர்வம்!

நாங்கள் சைவம். அறையில் ரைஸ் குக்கர் வைத்துக்கொள்ள விடுவார்களா?
– வாசகி, ஈஸ்ட் ஹாம்

பெரும்பாலும் விடமாட்டார்கள். தீ விபத்து பயம். பல கல்லூரிகள் படுக்கையறையில் சமையல் சாதனங்களையே அனுமதிப்பதில்லை. ஆகவே ‘சமையலறை இருக்கிறதா’ என்று மட்டும் கேட்டால் போதாது. முதலாண்டு அறைக்கு எத்தனை படி தள்ளி, எத்தனை பேருக்கு ஒன்று, அடுப்பு இருக்கிறதா வெறும் மைக்ரோவேவா, ஃபிரிட்ஜில் எத்தனை தட்டு கிடைக்கும் என்று கேளுங்கள். முடிந்தால் கதவைத் திறந்து பாருங்கள். கூடத்தில் சாப்பிட்ட வேளைக்கு மட்டும் காசா, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கட்டணமா என்பதும் கல்லூரிக்குக் கல்லூரி மாறும்.

அறை விஷயத்தில் பெற்றோர் எதிர்பார்க்காத ஒன்று: டெர்ம் எட்டு வாரம்தான். அது முடிந்ததும் பல கல்லூரிகளில் அறையைக் காலி செய்யவேண்டும், அதுவும் ஆண்டுக்கு மூன்று முறை. லீவில் சாமான் வைக்க இடம் தருவார்களா என்று கேளுங்கள். இதற்கு நல்ல ஆள் ‘லாட்ஜ்’ எனப்படும் வாசல் அறையில் இருக்கும் போர்ட்டர். பெயரைப் பார்த்துப் பெட்டி தூக்குபவர் என்று நினைக்கவேண்டாம். சாவி, தபால், பாதுகாப்பு எல்லாம் அவர் கையில்.

கோவையிலிருந்து விமானம் ஏறி ஓப்பன் டேக்கு வருவது பயன்தருமா? வந்தவர்களுக்குத் தனி மதிப்பு உண்டா?
– வாசகர், கோயம்புத்தூர்

தனி மதிப்பு இல்லை. வந்தாரா வரவில்லையா என்பது சேர்க்கை முடிவில் கணக்கில் வராது. விமானத்துக்குப் பணம் செலவழிக்க வேண்டாம், இணையவழிச் சுற்றுலாவும் துறை உரைகளின் பதிவுகளும் போதும். உங்கள் பிள்ளையின் பன்னிரண்டாம் வகுப்பு வாரியத்தை ஏற்கிறார்களா என்று முதலில் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள்.

ஜூன், ஜூலையில் போக முடியவில்லை. செப்டம்பரில் ஒரு நாள் இருக்கிறதே, போதாதா?
– வாசகி, லெஸ்டர்

கல்லூரி பார்க்கப் போதும். பாடத்தை முடிவு செய்யப் போதாது. ஆக்ஸ்ஃபோர்டுக்கான விண்ணப்பம், யூகாஸ் என்னும் பொது விண்ணப்ப அமைப்பு வழியாகப் போடுவது, அக்டோபர் 15 மாலை 6 மணியோடு முடிகிறது. மருத்துவத்துக்கான யூகேட், சட்டத்துக்கான எல்நாட் போன்ற தேர்வுகளுக்குப் பதிய செப்டம்பர் நடுவிலேயே கடைசி நாள் வந்துவிடும். மருத்துவமா, உயிர்வேதியியலா என்று அந்த வாரம் யோசித்துக்கொண்டிருக்க முடியாது.

கல்லூரியைத் தவறாகத் தேர்ந்துவிட்டால் வாய்ப்பு போய்விடுமா?
– வாசகர், ரெடிங்

போகாது. ஒரு கல்லூரிக்கு அதிகம் பேர் விண்ணப்பித்தால் சிலரை வேறு கல்லூரிக்கு மாற்றிப் பரிசீலிப்பார்கள். கேட்காத கல்லூரியிலிருந்து இடம் வருவது அங்கே சாதாரணம். எதுவும் பிடிபடவில்லை என்றால் கல்லூரி பெயர் குறிப்பிடாமல் ‘ஓப்பன்’ விண்ணப்பம் போடலாம். விண்ணப்பத்தில் பிள்ளை தன்னைப் பற்றி எழுதும் பர்சனல் ஸ்டேட்மென்ட்டில் மட்டும் அந்தக் கல்லூரியின் புகழைப் பாடவேண்டாம். அதே தாளைத்தான் யூகாஸ் வழியே விண்ணப்பிக்கும் மற்ற நான்கு பல்கலைக்கழகங்களும் படிக்கும்.