கரிபால்டி வென்றதைக் கவூர் திருடினாரா?

கேள்வி: இத்தாலியை ஒன்றாக்கியவர் கரிபால்டி. அவர் ரத்தம் சிந்திப் பிடித்ததை, மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கவூர் தட்டிப் பறித்துத் தன் ராஜாவிடம் கொடுத்துவிட்டார். வீரன் உழைக்க அரசியல்வாதி அனுபவிப்பது அங்கேயும் அப்படித்தானே? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: பாதி சரி. தட்டிப் பறித்தது உண்மைதான். ஆனால் கவூர் பறிக்காமல் விட்டிருந்தால் கரிபால்டி கையில் அது எத்தனை மாதம் தங்கியிருக்கும்?

வாள் மட்டும் போதுமென்றால் 1848-லேயே கதை முடிந்திருக்க வேண்டும். அந்த மார்ச்சில் மிலான் மக்கள் ஐந்து நாள் தெருச்சண்டை போட்டு, தங்களை ஆண்டுகொண்டிருந்த ஆஸ்திரியாவின் படையை ஊரைவிட்டு விரட்டினார்கள். துண்டு துண்டாகக் கிடந்த இத்தாலியின் வடமேற்கில் தனி ராஜ்யமாக இருந்த பியட்மான்டின் ராஜா சார்லஸ் ஆல்பர்ட், யார் தயவும் இல்லாமல் இத்தாலி தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று பெருமை பேசிக்கொண்டு படையோடு கிளம்பினார். கஸ்டோஸாவில் அடி. அடுத்த வருஷம் நொவாராவில் அதைவிடப் பெரிய அடி, அன்றைக்கே பட்டத்தை மகன் விக்டர் இமானுவேலிடம் கொடுத்துவிட்டுப் போர்ச்சுகலுக்குப் போனவர் அங்கேயே இறந்தும் போனார். ரோமில் மாஜினி (பாரதி 'பிரதிக்கினை' பாடினாரே, அதே மாஜினிதான்) குடியரசு நடத்த, கரிபால்டி அதற்குக் காவல் நின்றார். அதை நசுக்கியது யார் தெரியுமா? பிரெஞ்சுக் குடியரசின் படை! தப்பி ஓடுகிற வழியில் கர்ப்பிணியாக இருந்த கரிபால்டியின் மனைவி அனிதா இறந்தார். வீரத்துக்கு அந்த இரண்டு வருஷமும் ஒரு குறையும் இல்லை, துணைக்குத்தான் ஆள் இல்லை.

1852-ல் பியட்மான்டின் பிரதமரான கவூர் இதைத்தான் மனதில் வைத்துக்கொண்டார். ஆஸ்திரியாவை அடிக்கிற அளவுக்குப் பெரிய தடி பாரிஸில்தான் இருக்கிறது, அதை எப்படியாவது இரவல் வாங்க வேண்டும். 1855-ல் ரஷ்யாவோடு பியட்மான்டுக்கு ஒரு வரப்புத் தகராறுகூடக் கிடையாது, ஆனாலும் பிரான்ஸும் பிரிட்டனும் ரஷ்யாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த கிரிமியாவுக்குப் பதினைந்தாயிரத்துக்கு மேல் சிப்பாய்களை அனுப்பினார். சண்டையில் செத்தவர்களைவிடக் காலராவில் செத்தவர்கள் பல மடங்கு. பதிலுக்கு 1856 பாரிஸ் மாநாட்டில் ஒரு நாற்காலி கிடைத்தது, ஒரு முழம் நிலம்கூடக் கிடைக்கவில்லை.

அப்புறம் 1858 ஜூலை, பிரான்சில் பிளோம்பியேர் என்ற ஊர். நீங்கள் 'மேஜை' என்கிறீர்களே, அதில் பாதிப் பேச்சு ஒரு குதிரை வண்டியில் நடந்தது. பிரெஞ்சுச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியன் தானே வண்டியை ஓட்ட, பக்கத்தில் கவூர். எந்தச் சாக்கில் ஆஸ்திரியாவோடு சண்டையைத் தொடங்கலாம் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து தேடினார்கள். கவூர் கேட்டது இரண்டு லட்சம் பிரெஞ்சுச் சிப்பாய்கள். விலை: பியட்மான்ட் ராஜாவின் நிலமான சவோய், நீஸ், கூடவே ராஜாவின் 15 வயது மகள் குளோதில்ட், 36 வயது நெப்போலியன் வீட்டுப் பிள்ளைக்கு மனைவியாக. அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசாமல் கவூரின் சாணக்கியத்தை மட்டும் புகழ்கிறவர்கள் மேல் எனக்கு மரியாதை இல்லை.

ஒரு நிபந்தனையும் உண்டு. முதல் அடி ஆஸ்திரியா அடித்ததாகத் தெரிய வேண்டும். 1859 ஏப்ரலில் பிரிட்டன் சமாதானம் பேச, கவூரும் வேறு வழியில்லாமல் தலையாட்டி, எல்லாம் கைவிட்டுப் போகிற நேரத்தில் வியன்னாவிலிருந்து மூன்று நாள் கெடு வைத்து ஒரு மிரட்டல் வந்தது. எதிரி செய்த உதவி! மஜெந்தா, சோல்ஃபெரினோ இரண்டிலும் ஜெயம். சோல்ஃபெரினோ களத்தில் காயம்பட்டுக் கிடந்தவர்களைப் பார்த்து உறைந்துபோன ஆன்றி துனான் கிளப்பிய யோசனைதான் பிறகு செஞ்சிலுவைச் சங்கமாக ஆனது. அந்த ரத்தம் நெப்போலியனையும் உலுக்கியது, ரைன் பக்கம் பிரஷ்யா அசைவதும் பயமுறுத்தியது. கவூரைக் கேட்காமலே வில்லாஃபிராங்காவில் சமாதானம் செய்துகொண்டார். கையில் வந்தது மிலான் இருக்கிற லொம்பார்டி மட்டும். கவூர் ராஜாவிடம் கத்திவிட்டு ராஜினாமா செய்தார். ஆறு மாதத்தில் திரும்பி வந்து, மத்திய இத்தாலியில் வாக்கெடுப்பு நடத்தி அதைச் சேர்த்துக்கொண்டு, பிரான்ஸ் கண்டுகொள்ளாமல் இருந்ததற்குச் சவோயையும் நீஸையும் கொடுத்தார்.

நீஸ் கரிபால்டி பிறந்த ஊர். ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் அதற்காகச் சண்டை போட்டவர், 1860 மே 5 இரவு ஆயிரத்துச் சொச்சம் பேரோடு ஜெனோவா பக்கத்திலிருந்து கப்பலேறினார். தெற்கு இத்தாலியை ஆண்ட போர்போன் ராஜ வம்சத்துக்குச் சிசிலியில் இருந்த சிப்பாய்கள் இருபதாயிரத்துக்கு மேல். நான்கு மாதத்தில், செப்டம்பர் 7-ம் தேதி, நேப்பிள்ஸுக்கு அவர் ரயிலில் போய் இறங்கினார்! கவூருக்கு இந்தப் பயணத்தில் இஷ்டமே இல்லை, தடுக்கவும் துணிவில்லை. இந்த வீரத்துக்கு ஈடாகக் கவூர் கணக்கில் எழுத எதுவும் கிடையாது, அதில் உங்களோடு சண்டை இல்லை.

அடுத்து ரோம் என்றார் கரிபால்டி. ரோமில் போப்புக்குக் காவல் இருந்தது பிரெஞ்சுப் படை. அங்கே கை வைத்திருந்தால் இரவல் தடி நம் முதுகில் விழுந்திருக்கும். அதனால் கவூர் நெப்போலியனிடம் ஜாடை வாங்கிக்கொண்டு, போப்பின் நிலத்தின் வழியே ராஜாவின் படையைத் தெற்கே இறக்கினார். தேயானோவில் கரிபால்டி ராஜாவைப் பார்த்துத் தெற்கை ஒப்படைத்தார். ரோமில் கை வைத்தால் அடிதான் என்பதை ஊகமாகச் சொல்லவில்லை: கவூர் செத்த பிறகு 1862-ல் கரிபால்டி ரோமை நோக்கிக் கிளம்பினார், அஸ்ப்ரொமொன்தேயில் இத்தாலியப் படையே அவர் காலில் சுட்டது. 1867-ல் மறுபடி போனார், மென்தானாவில் பிரெஞ்சுத் துப்பாக்கிகள். ரோம் கடைசியில் 1870 செப்டம்பரில் கிடைத்தது, பிரான்ஸ் பிரஷ்யாவிடம் உதைபட்டுத் தன் படையைத் திருப்பி அழைத்துக்கொண்டதால். ஆஸ்திரியா கையில் இருந்த வெனிஸின் கதை இன்னும் வேடிக்கை. 1866-ல் தரையில் கஸ்டோஸா, கடலில் லிஸ்ஸா, இரண்டிலும் தோற்றும் கிடைத்தது, ஏனென்றால் ஜெயித்தது கூட்டாளி பிரஷ்யா.

சரி, உங்கள் பக்கமும் வருகிறேன். ஓராண்டு தெற்கை ஆள விடுங்கள் என்று கரிபால்டி கேட்டதை மறுத்தது, அவருடைய தொண்டர்களைக் கூலிக்காரர்கள் மாதிரிக் கலைத்து அனுப்பியது, இதெல்லாம் அற்பத்தனம். சிசிலி வாக்கெடுப்பில் இணைப்புக்கு ஆதரவு 4,32,053, எதிர்ப்பு 667. இந்தக் கணக்கை எந்த ஊர்க்காரர் நம்புவார்? கவூர் தெற்கே ஒருமுறைகூடக் கால் வைத்ததில்லை. பியட்மான்டின் சட்டமும் வரியும் கட்டாயப் பட்டாளமும் அப்படியே அங்கே இறங்கின. ராஜா புது நாட்டுக்கு முதலாமவர் ஆகவில்லை, பழைய 'இரண்டாம்' விக்டர் இமானுவேலாகவே இருந்தார். எதிர்த்தவர்களைக் கொள்ளைக்காரர்கள் என்று பெயர் வைத்து, 1863-ல் ராணுவ நீதிமன்றங்களைத் திறந்தார்கள்.

1861 ஏப்ரலில் டூரின் நாடாளுமன்றத்துக்குச் சிவப்புச் சட்டையோடு வந்த கரிபால்டி, இத்தாலியிலேயே தன்னை அந்நியனாக்கியவரோடு கைகுலுக்க முடியாது என்று கவூர் முகத்துக்கு நேரே சொன்னார். ஏழு வாரத்தில் கவூர் இறந்துபோனார். நீஸ் இன்றைக்கும் பிரான்சில்தான் இருக்கிறது.