வாசகர் கேள்வி: கடித்தது க்ரோசான்ட், மென்றது பேன்கேக்!

கே: 'ப்ரெட்டி வுமன்' (1990) படத்தில் ஜூலியா ராபர்ட்ஸ் கையிலிருக்கும் க்ரோசான்ட் (பிறை வடிவ பன்), சில விநாடிகளில் பேன்கேக் (தோசை மாதிரியான இனிப்புப் பண்டம்) ஆகிவிடுகிறதே! கன்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் எதுவும் மாறாமல் இருப்பது) பார்க்க ஆளே இல்லையா?

ப: ஆள் இருப்பார். டேக்குக்கு டேக் (ஒருமுறை படமாக்குவது ஒரு டேக்) போட்டோ எடுத்து, எந்தக் கையில் என்ன, எந்த வசனத்தில் கடித்தார் என்றெல்லாம் குறித்துவைப்பதுதான் அவர் வேலை. ஆனால் ஒரே காட்சியைப் பல கோணங்களில் பலமுறை எடுப்பார்கள். எடிட்டிங் மேசையில் நல்ல நடிப்புள்ள டேக்தான் ஜெயிக்கும், பண்டம் மாறினால் மாறட்டும் (சரியான முடிவுதான்!).

இப்படிப்பட்ட தவறுகளை நீங்களே பிடிக்க, ஒலியை அணைத்துவிட்டு, கட் விழும்போது (ஒரு ஷாட் முடிந்து அடுத்தது வரும்போது) முகத்தை விட்டுவிட்டு டம்ளரின் அளவையும் சிகரெட்டின் நீளத்தையும் பாருங்கள். சாப்பாட்டுக் காட்சிகளில்தான் அதிகம் மாட்டும்.

இந்தக் கன்டினியூட்டி தவறைக் கதை ஓட்டை என்று சண்டை போடாதீர்கள். ஒரு போன் செய்தாலே தீர்ந்துவிடும் சிக்கலுக்கு நாயகன் ஊரெல்லாம் ஓடினால், அவன் போன் செய்யாததற்குப் படம் எங்கேயும் காரணம் சொல்லாவிட்டால், அது ஓட்டை.