டர்போ 350 முன்கூட்டியே கியர் மாறினால்

வணக்கம். உங்கள் 1970 செவ்ரொலெட் நோவாவில், ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தாலும் டர்போ 350 தானியங்கி கியர்பாக்ஸ் சீக்கிரமே மூன்றாம் கியருக்குப் போய்விடுவதாக எழுதியிருந்தீர்கள். எதையும் பிரிப்பதற்கு முன், வேக்குவம் மாடுலேட்டரின் (இன்ஜினின் வெற்றிடத்துக்கேற்ப கியர்பாக்ஸ் ஆயில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பகுதி) ரப்பர் குழாயைக் கழற்றி, குழாயின் வாயை அடைத்துவிட்டுச் சிறிது தூரம் ஓட்டிப் பாருங்கள். வேக்குவம் இல்லாதபோது ஆயில் அழுத்தம் கூடி, கியர் தாமதமாகவும் உதறலோடும் மாற வேண்டும். அப்படி மாறினால், மாடுலேட்டரின் குழாய் முனைக்குள் உள்ள திருகை (எல்லா மாடுலேட்டரிலும் அது இராது) வலப்பக்கமாகச் சிறிது சிறிதாகத் திருகிப் பார்க்கலாம். குழாயைக் கழற்றியும் மாற்றமே தெரியாவிட்டால் மாடுலேட்டர் வால்வோ, கவர்னரோ (வண்டியின் வேகத்துக்கேற்ப கியரை மாறவைக்கும் பகுதி) சிக்கியிருக்கலாம். முழு மிதியிலும் இப்படி நடப்பதால் எனக்குக் கவர்னர் மீதுதான் சந்தேகம். கியர்பாக்ஸின் இடப்பக்கப் பின்புறம், கம்பிக் கிளிப் பிடித்திருக்கும் வட்ட மூடியைத் திறந்து கவர்னரை வெளியே எடுத்து, அதன் எடைகளும் வால்வும் தடையின்றி அசைகின்றனவா, ஸ்பிரிங்குகள் முறியாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். முன்பு யாரேனும் கனமான எடைகளை மாட்டியிருந்தாலும் இதே கோளாறு வரும்.