சாரல் காலத்தில் பட்டி பார்ப்பது: செங்கோட்டை அண்ணாச்சியிடம் சில கேள்விகள்

புளியரை: அண்ணாச்சி, 1/72 அளவில் பிளாஸ்டிக் மாதிரி விமானம் ஒட்டுகிறேன். இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் முடி நுழையும் அளவு இடுக்கு. ட்யூப் பட்டியை அப்பினேன், மறுநாள் பள்ளம் விழுந்துவிட்டது.

மொத்தமாக அப்பினால் அப்படித்தான் தம்பி. உள்ளே இருக்கும் தின்னர் ஆவியாகப் போகப் போகப் பட்டி சுருங்கும். மெலிசாக ஒரு கை, காய்ந்ததும் இன்னொரு கை. இவ்வளவு சின்ன இடுக்குக்குப் பட்டியே வேண்டாம். மிஸ்டர் சர்ஃபேசர் 500 என்கிற கெட்டியான திரவ பிரைமரைத் தூரிகையால் இழுத்துவிடுங்கள். காய்ந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட காதுக் குச்சியால் துடைத்தால், இடுக்கில் இருப்பது மட்டும் நிற்கும். உப்புத்தாள் போட்டு ரிவெட் (ஆணிப் புள்ளி) வரிசையை அழிக்கும் பாவமும் இல்லை.

கடையநல்லூர்: ஃபெவிகுவிக் வைத்தால் சுற்றிலும் வெள்ளை படிகிறது. போலிச் சரக்கா?

பசை மேல் பழி போடாதீர்கள். ஆரியங்காவுப் பக்கமிருந்து சாரல் அடிக்கும்போது ஜன்னலைத் திறந்து வைத்து ஒட்டியிருப்பீர்கள். அந்தப் பசை இறுகுவதே ஈரத்தால்தான். ஈரம் மிஞ்சினால், கிளம்புகிற ஆவி அங்கேயே பொடியாக உட்காரும். துளியாக வைத்து, ஃபேனை மெதுவாக ஓடவிடுங்கள்.

இடுக்கு அடைக்கவும் அதே பசை ஆகும். முகப்பவுடர் கலந்தால் தேய்க்கச் சுலபம். ஆப்ப சோடா தூவினால் நொடியில் கல். எதுவானாலும் அன்றைக்கே தேய்த்துவிடுங்கள். நான் ஒரு டாங்கியை நாளைக்குப் பார்க்கலாம் என்று வைத்தேன். மறுநாள் பசை பிளாஸ்டிக்கைவிடக் கெட்டி. உப்புத்தாள் பசையை விட்டுவிட்டு இரண்டு பக்கத்தையும் தின்றது; நடுவில் ஒரு வரப்பு நின்றது.

புனலூர்: எம்சீல் போதுமா?

பெரிய ஓட்டைக்குப் போதும். நிறம் ஒன்றாகும் வரை பிசைந்து, விரலைத் தண்ணீரில் தொட்டு நீவுங்கள். மில்லிபுட் என்கிற பிசையும் பட்டி இன்னும் நைஸ், ஆனால் விலை.

தென்மலை: கழுதுருட்டிப் பதிமூணு கண் பாலத்தைப் பிளாஸ்டரில் வார்க்கிறேன். எங்கே பார்த்தாலும் கோடு.

எல்லாவற்றையும் அடைத்துவிடாதீர்கள்! 1904-இல் ரயில் ஓடத் தொடங்கிய கல் பாலம் அது. கல்லுக்குக் கல் கோடு இருக்கத்தான் வேண்டும். கல்வரிசையை அறுத்துக்கொண்டு ஓடும் இணைப்பை மட்டும் நனைத்து, அதே பிளாஸ்டர் கூழால் அடையுங்கள். பாதி இறுகும்போது ஊசியால் கல்கோட்டைக் கீறிவிடுங்கள்.

கம்பம்: சரியாக இருந்தது, பிரைமர் அடித்ததும் கோடு தெரிகிறது.

பிரைமர் அதற்குத்தான். மறுபடி பட்டி, மறுபடி பிரைமர். எனக்கே மூன்று சுற்று போகும். மழை விட்ட பிறகு அடியுங்கள், இல்லாவிட்டால் ஸ்ப்ரேயும் வெளுக்கும்.