சுகர் மெஷின் பொதுவாக இருக்கலாம், குத்தும் பேனா இருக்கக்கூடாது

கேள்வி: நாங்கள் ஜெலுத்தோங்கில் ஏழு பேர். எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள், எல்லாருக்கும் இனிப்புநீர். காலையில் கடலோரம் நடந்துவிட்டுச் சேர்ந்து பசியாறுவோம். ஒருவரிடம் இருக்கும் சுகர் மெஷினில்தான் எல்லாரும் பார்த்துக்கொள்கிறோம். யாருக்காவது மாத்திரை தீர்ந்துவிட்டால் இருப்பவர் கொடுத்து உதவுவார். இதெல்லாம் ஆபத்து என்று என் மகள் சத்தம் போடுகிறாள். உண்மையா? அப்புறம், அங்கே வரும் ஒரு தம்பி விற்கும் மூலிகைக் கேப்சூலால் எங்களில் இருவருக்குச் சுகர் நன்றாக இறங்கியிருக்கிறது. நானும் சாப்பிடலாமா? (68 வயது வாசகி, பினாங்கு)

பதில் (ஓய்வுபெற்ற அரசாங்க மருந்தாளுநர்):

அம்மா, மாத்திரை விஷயத்தில் உங்கள் மகள் சொல்வது முழுக்கச் சரி. மெஷின் விஷயத்தில் பாதி சரி. கேப்சூலைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்று நீங்கள் எழுதவில்லை. அதை நான் சொல்கிறேன்.

முதலில் மெஷின். விரலைக் குத்துகிற பேனா இருக்கிறதே, அதுதான் வில்லங்கம். "ஊசியைத்தான் ஒவ்வொருவருக்கும் மாற்றுகிறோமே" என்பீர்கள். ஊசி மாறினாலும் பேனாவின் மூடி மாறுவதில்லை. ஏழு பேர் விரலிலும் அழுந்துவது அந்த மூடி. அதன் துளையைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் ஒட்டிக்கொள்ளும். ஈரலைத் தாக்கும் ஹெப்பாட்டிட்டிஸ் பி கிருமி காய்ந்த ரத்தத்திலும் குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். அமெரிக்காவில் முதியோர் இல்லங்களில் இந்தப் பேனாவைப் பகிர்ந்தே அந்தக் கிருமி பரவியிருக்கிறது. ஆகவே ஆளுக்கு ஒரு பேனா, அதில் பெயர் எழுதி ஒட்டுங்கள். இன்சுலின் பேனாவைக் கேட்கவே வேண்டாம். ஊசியை மாற்றினாலும் அது ஒருவருக்கு மட்டும்தான், ஏனென்றால் குத்தும்போது ரத்தம் உள்ளே இருக்கும் குப்பி வரைக்கும் திரும்ப ஏறலாம்.

மெஷினை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒருவர் பார்த்து முடித்ததும், மெஷினோடு வந்த கையேட்டில் சொல்லியிருக்கும் கிருமிநாசினியால் துடைக்க வேண்டும். ஊசி போடுமுன் தோலைத் துடைக்கிற ஸ்பிரிட் பஞ்சு இதற்குப் போதாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, காயவிட்டுக் குத்துங்கள். ரம்புத்தான் உரித்த விரலோடு பார்த்தால் மெஷின் பழத்தின் இனிப்பையும் சேர்த்துக் காட்டும், நீங்கள் பயந்து அன்றைக்குப் பட்டினி கிடப்பீர்கள். எண்ணைப் பெயரோடு புத்தகத்தில் எழுதுங்கள். மெஷினின் ஞாபகத்தில் ஏழு பேரும் ஒரே ஆள்தான்.

ரத்தச் சொட்டை வைத்து மெஷினில் செருகும் கீற்று இருக்கிறதே, அந்தப் புட்டியைச் சேர்ந்து வாங்குவதைத் தாராளமாகச் செய்யுங்கள். திறந்த புட்டிக்குப் பல பிராண்டுகளில் சில மாதக் கெடுதான். தனி ஆள் வாரம் ஒரு முறை பார்த்தால் பாதி வீணாகும். மெஷினை மலிவாகத் தந்துவிட்டுக் கீற்றில் காசு பிடுங்குவது இந்த வியாபாரத்தின் வழக்கம். ஊசி போடுகிற கிழவன் கிழவிக்குக்கூடக் கீற்றுச் செலவு பெரும்பாலும் கைக்காசுதான். இதை எத்தனை கூட்டத்தில் பேசினாலும் ஒரு பக்கமும் அசைவதில்லை. புட்டியின் மூடியை மட்டும் உடனே மூடுங்கள், நம் ஊர் ஈரத்துக்குக் கீற்று சீக்கிரம் கெட்டுவிடும்.

மாத்திரைக்கு வருவோம். "எல்லாருக்கும் அதே வெள்ளை மாத்திரைதானே" என்று நினைத்துக் கொடுக்கிறீர்கள். மெட்ஃபார்மினும் வெள்ளை, கிளிக்லாசைடும் வெள்ளை. முன்னது மட்டும் சாப்பிட்டால் சுகர் அபாயமாக இறங்குவது அபூர்வம், ஆனால் சிறுநீரகம் மிகவும் தளர்ந்தவருக்கு ஆகாது. பின்னது பசியாறாமல் போட்டால் ஆளைச் சாய்த்துவிடும். கிளிக்லாசைடிலேயே இரண்டு வகை உண்டு: சாதாரணம் 80 மில்லிகிராம், மெதுவாகக் கரைவது 30 அல்லது 60. அந்த 30 கிட்டத்தட்ட இந்த 80-க்குச் சமம். கூட்டாளி கொடுத்தது எது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? போதாக்குறைக்கு, அரசாங்கம் மருந்து வாங்கும் டெண்டர் மாறும்போதெல்லாம் மாத்திரையின் உருவமும் அட்டையும் மாறுகின்றன. எழுத்துப் படிக்கக் கண்ணாடி தேடுகிறவர்களுக்கு இப்படி ஒரு சேவை.

மாத்திரை ஏன் தீர்கிறது என்பதும் எனக்குத் தெரியும். ஒரு மாதத்துக்குக் கொடுத்து, மிச்சத்துக்குச் சீட்டு எழுதி, மாதாமாதம் வா என்பார்கள். பிள்ளை காடி எடுத்து வந்தால்தான் போக முடியும். தேதியை மைசெஜாத்ரா செயலியில் பார் என்பார்கள், கைப்பேசி பேரனிடம் இருக்கும். இதற்கு வழி உண்டு. கிளினிக் மருந்துக் கவுண்டரில் "எஸ்.பி.யூ.பி." என்று கேளுங்கள், வீட்டுக்குப் பக்கத்து அரசாங்க கிளினிக்கில் மீதி மருந்தை வாங்கலாம். தபாலில் அனுப்பும் ஏற்பாடும் சில இடங்களில் உண்டு. கேட்டால்தான் சொல்வார்கள். உங்கள் கூட்டம் செய்யக்கூடிய நல்ல உதவி, அந்தச் சீட்டுகளின் தேதியை ஒரே நோட்டில் எழுதி வைத்து, ஒரு வாரம் முன்னாடியே நினைவூட்டுவது.

நடக்கும்போது யாராவது வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினால் சுகர் மிகவும் இறங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள், மெஷினைத் தேடி நேரம் கடத்த வேண்டாம். மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், பதினைந்து நிமிடத்தில் தேறாவிட்டால் இன்னொரு முறை. சாக்லேட் வேண்டாம், அதன் கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். தேறிய பிறகு ரொட்டி சானாயோ தோசையோ சாப்பிடட்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 999-ஐ அழையுங்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு, தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். அகார்போஸ் என்று ஒரு மாத்திரை, முதல் கவளத்தோடு சேர்த்துச் சாப்பிடச் சொல்வார்கள். வயிறு உப்புகிறது, காற்று பிரிகிறது என்று பலர் அலுத்துக்கொள்வது அதைத்தான். அதைச் சாப்பிடுகிறவருக்குச் சாதாரணச் சர்க்கரை உடனே வேலை செய்யாது. சர்க்கரையைக் குடல் உடைத்தால்தான் ரத்தத்தில் ஏறும், அந்த உடைக்கும் வேலையைத்தான் மாத்திரை தடுக்கிறது. அவருக்கு நேரடி குளுக்கோஸ் வேண்டும், மருந்துக்கடையில் மாவாகக் கிடைக்கும். அது இல்லாவிட்டால் தேன். உங்கள் ஏழு பேரில் யாராவது அகார்போஸ் சாப்பிடுகிறார்களா என்று நாளைக்கே கேளுங்கள். ஒருவர் இருந்தாலும் பையில் சர்க்கரைக்குப் பதில் குளுக்கோஸையே வையுங்கள், அது எல்லாருக்கும் ஆகும்.

இனி அந்தத் தம்பி. பூங்காவில் இலவசமாகச் சுகர் பார்ப்பார், எண்ணைக் கண்டு முகம் சுளிப்பார், அம்மா என்பார், அப்புறம் பையைத் திறப்பார். மலேசியாவில் பதிவான மருந்துக்கும் பாரம்பரியத் தயாரிப்புக்கும் "மால்" (MAL) என்று தொடங்கும் எண் இருக்கும். அதை மருந்துகளைக் கட்டுப்படுத்தும் அரசாங்க அமைப்பான என்.பி.ஆர்.ஏ.-வின் இணையத்தளத்தில் தட்டிப் பார்க்கலாம், பெயரும் ஒத்துப்போக வேண்டும். "இது உணவு, கோப்பி, எண் தேவையில்லை" என்பது அடுத்த தந்திரம். உணவென்றால் சுகரைக் குணமாக்கும் என்று சொல்லி விற்க முடியாது. எண் இருந்தாலும் இனிப்புநீரைத் தீர்க்கும் என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதை 1956-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. சட்டம் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது, தம்பி பூங்காவில் பத்திரமாக இருக்கிறார்.

"நன்றாக இறங்கியிருக்கிறது" என்ற வரிதான் எனக்குப் பிடிக்கவில்லை. மூலிகை என்ற பெயரில் கிளிபென்கிளமைடு என்ற வலுவான சுகர் மாத்திரையைக் கலக்கிறவர்கள் உண்டு. 2008-இல் சிங்கப்பூரில் சட்டவிரோத ஆண்மை மருந்துகளில் அது கலந்திருந்து, இனிப்புநீரே இல்லாதவர்கள் நூற்றுக்கு மேல் மருத்துவமனைக்குப் போனார்கள், நால்வர் இறந்தார்கள். உங்கள் கூட்டாளிகள் இருவரும் கிளினிக் மாத்திரையோடு இதையும் சேர்த்து விழுங்குகிறார்கள் என்றால் நடு இரவில் சுகர் எங்கே போய் நிற்கும்? விடியற்காலையில் வியர்க்கிறதா, கெட்ட கனவு வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள். கேப்சூலை இன்றே நிறுத்தட்டும். கிளினிக் மருந்தைத் தாங்களாகக் குறைக்காமல் இந்த வாரமே டாக்டரைப் பார்க்கட்டும். நீங்கள் தொடவே வேண்டாம்.

காலி டப்பாவைக் குப்பையில் போடாதீர்கள். டாக்டரிடம் காட்டவும், சுகாதார அமைச்சின் மருந்து அமலாக்கப் பிரிவில் புகார் செய்யவும் அதுவும் ரசீதும் வேண்டும். ரசீது தரமாட்டேன் என்றால் தம்பியின் விற்பனை அட்டையையாவது படம் பிடித்து வையுங்கள்.